பதினொரு மணிக்கு ருசி பார்த்தவள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதுதான் எனக்கு வினையாகப் போனது.

எண்பதுகளின் நடுவில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். அவர் மெஷின் ஷாப்பில் பர்மனென்ட். நான் அசெம்பிளியில், இன்னும் பர்மனென்ட் ஆகாதவள். எனக்குக் காலை ஷிஃப்ட், ஆறு மணியிலிருந்து இரண்டரை வரை. அவருடைய மெஷினை ஓட்ட வேறு ஆள் கிடைக்காததால் அவருக்கு மாதக்கணக்கில் செகண்ட் ஷிஃப்ட். இரண்டரைக்கு என் பஸ் கேட்டை விட்டு வெளியே வரும், அவர் பஸ் உள்ளே போகும். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவோம். அவ்வளவுதான் அன்றைய குடித்தனம்.

என் மாமியார் வீடு பாரூர்ப் பக்கம். நெல்லும் கரும்பும் உண்டு, வேலை செய்யத்தான் ஆள் பற்றாது. ‘பர்மனென்ட் ஆனா இருக்கட்டும், இல்லாட்டி வந்து வயலைப் பார்க்கட்டும்’ என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தது அவர் வயலில் களை பிடுங்கவா? ஓசூரை விட்டுப் போவதில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதம்தான் என்னை எல்லாவற்றுக்கும் தலையாட்ட வைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

கேன்டீன் கமிட்டியில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பர்சனல் ஆபீசர் எங்கள் லைனுக்கு வந்து பார்த்தார். மற்ற பெண்கள் எல்லாம் வாய்க்காரிகள். என்னைக் காட்டி, “இந்தப் பொண்ணு நல்லா கையெழுத்துப் போடும், இது போதும்” என்றார். பர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எங்கே வாய் வந்தது?

வேலை ஒன்றும் பெரிதில்லை. தினமும் பதினோரு மணி வாக்கில் கேன்டீனுக்குப் போக வேண்டும். பந்தி ஆரம்பிக்கும் முன் முதல் தட்டு எனக்கு. சோறு, சாம்பார், பொரியல், மோர் எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டேஸ்ட் நோட்டு என்று அதற்குப் பேர். நோட்டில் ஒரு நாளைக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் காலை ஷிஃப்டுக்கு, இரண்டாவது கட்டம் செகண்ட் ஷிஃப்டுக்கு. முதல் நாள் நான் முதல் கட்டத்தில் மட்டும் போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன். கேன்டீன் மேஸ்திரி நோட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

“ரெண்டுத்துலயும் போடும்மா.”

“சாயங்காலச் சாப்பாட்டை நான் எங்க பாத்தேன்?”

“இதாம்மா அதுவும். ஒரே சமையல்தான்.”

அப்போதுதான் மூலையில் இருந்த அண்டாவைப் பார்த்தேன். செகண்ட் ஷிஃப்டுக்கான சோற்றையும் காலையிலேயே வடித்து, அண்டா நிறைய அமுக்கி, மேலே ஈரத்துணி போட்டு, அதன்மேல் சாக்கை மூடி வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்குச் சமையல் ஆட்களில் பாதிப் பேரைக் கான்ட்ராக்டர் வேறு ஒரு கம்பெனி கேன்டீனுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மிச்சம் இருப்பவர்கள் சாம்பாரைக் கொதிக்க வைப்பார்கள். சோற்றை அப்படியே பரிமாறுவார்கள். செகண்ட் ஷிஃப்டின் பந்தி ராத்திரி ஏழரைக்கு. எட்டரை மணி நேரம் அந்தச் சோறு சாக்குக்குள் கிடக்கும்.

எங்கள் ஊரில் கல்யாணச் சமையலில் சோறு வடித்தால் பாயில் கொட்டிப் பரப்பி விடுவார்கள். குவித்து மூடி வைத்தால் உள்ளுக்குள்ளேயே வெந்து கெட்டுவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி ஆற வைத்தால் மறுநாள் பழையது ஆகும், தைரியமாகச் சாப்பிடலாம். சூடும் இல்லாமல் ஆறவும் இல்லாமல் மூடிக் கிடக்கும் சோற்றைத்தான் நம்பக்கூடாது. இதை மேஸ்திரியிடம் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடிக்காத குறையாக அண்டாவிடம் கூட்டிக்கொண்டு போனார். “கைய வெச்சுப் பாரும்மா. சாயங்காலம் வரைக்கும் சூடு இருக்கும். சுடுசோறு எங்கயாவது கெடுமா?” என்றார். வைத்துப் பார்த்தேன். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சூடு. அவர் ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துக் காட்டினார். “நூல் விடுதா? இல்லையில்ல? நாறுதா? இல்லையில்ல? அப்புறம் என்ன?”

பர்சனல் ஆபீசரிடம் போனேன். “அதெல்லாம் கான்ட்ராக்டர் பார்த்துக்குவார். நீ ருசி பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றார். “அப்ப சாயங்காலம் பரிமாறும்போது பாத்துட்டுப் போடறேன் சார்” என்றேன். அவர் சிரித்தார். பெண்கள் ஏழு மணிக்கு மேல் ஃபேக்டரிக்குள் இருக்கக்கூடாது என்று சட்டம். பந்தி ஏழரைக்கு. சட்டத்தை மீறி உன்னை உள்ளே நிற்க வைக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். போதாததற்கு, “உன் பர்மனென்ட் ஃபைல் என் மேஜை மேலதான்மா இருக்கு” என்றும் சொன்னார். அதட்டலாகச் சொல்லவில்லை, அன்பாகவே சொன்னார். நான் போய் இரண்டாவது கட்டத்திலும் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் உறைத்தது. எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் நான் கையெழுத்துப் போட்ட சோற்றைச் சாப்பிடப் போகிறார்கள். அவர்களில் என் புருஷனும் ஒருத்தர். வழக்கம் போல ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். நான் காட்டவில்லை.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து அவருக்கு டப்பா கட்டிவிட்டேன். காலையில் கட்டிக் கொடுத்தால் அதுவும் அந்த அண்டாச் சோறு மாதிரிதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அவ்வளவு மக்கு இல்லை. ராகி மாவை நன்றாக வறுத்து ரொட்டி சுட்டு, நன்றாக ஆற விட்டு, வேர்க்கடலைப் பொடியும் ஊறுகாயும் வைத்துக் கட்டினேன். சாயங்காலம் வரை ஒன்றும் ஆகாது.

“என்னடி கூத்து இது? கேன்டீன் இருக்கும்போது டப்பா எதுக்கு?” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். “கமிட்டிக்காரி புருஷனே கேன்டீன்ல சாப்பிடலைன்னா நாலு பேர் என்ன நினைப்பான்?” என்று கேட்டார்.

அதையும் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். “வயித்துப் புண்ணுன்னு சொல்லுங்க. டாக்டர் காரம் சேர்க்கக் கூடாதுன்னுட்டார்னு சொல்லுங்க.” பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்குப் பொய் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். பொண்டாட்டி கைச் சோறு இல்லாமல் இறங்காதோ என்று ஷாப்பில் கிண்டல் செய்தார்களாம். சிரித்துச் சமாளித்துக்கொண்டு ரொட்டி தின்றார்.

என் புருஷன் தப்பித்தார், சரி. மற்றவர்கள்? இந்தக் கேள்வியோடு நான் பத்து மாதம் குடித்தனம் நடத்தினேன். எங்கள் லைன் வீட்டில் அடுத்த வீட்டுக்காரரும் அவரோடு அதே ஷாப்பில், அதே ஷிஃப்டில் வேலை. பந்தியில் எதிரெதிரே உட்காருபவர்கள். அவர் பெண்டாட்டி தெலுங்குக்காரி, என்னைவிட நாலு வயது சின்னவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். குழாயடியில் என் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைப்பாள். ஒரு நாள் அவளிடம் சொல்லிவிடலாம் என்று, “உங்க வீட்டுக்காரருக்கு டப்பா கட்டிக் குடுத்தா என்ன?” என்று ஆரம்பித்தேன். “எதுக்குக்கா? அங்கதான் நீயே ருசி பாத்துப் போடறியே!” என்று பெருமையாகச் சொன்னாள். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவளிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் லைன் முழுக்கத் தெரியும், சாயங்காலம் கம்பெனிக்குத் தெரியும், அப்புறம் பாரூர் வயல்தான் கதி.

பத்து மாதமும் ஒன்றும் நடக்கவில்லை. மேஸ்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்னம்மா, யாராவது செத்தாங்களா?” என்பார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் பயந்தாங்கொள்ளியோ என்று. அந்த ஊர்க் குளிர்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று அப்போது புரியவில்லை. மார்கழியில் அண்டா சீக்கிரம் ஆறிவிடும். சித்திரை பிறந்ததும் ஓசூரே அடுப்பு மாதிரி ஆனது. தகரக் கூரைக்குக் கீழே அந்த அண்டா ஆறவே இல்லை.

அன்று வியாழக்கிழமை. வியாழன் என்றால் குஸ்கா. பட்டை, லவங்கம், புதினா எல்லாம் போட்டுக் கமகமவென்று இருக்கும். நான் பதினோரு மணிக்குச் சாப்பிட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாகவே தூங்கினேன்.

விடியற்காலை நாலே முக்காலுக்கு நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். ராத்திரியே வந்திருக்க வேண்டியவர். சட்டை முழுக்க வாந்தி. நான் அலறிவிட்டேன்.

“என்னுது இல்ல,” என்றார். “மத்தவங்களோடது.”

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் ஆரம்பித்திருக்கிறது. மெஷினைப் பிடித்துக்கொண்டே ஒருத்தன் வாந்தி எடுத்தான், பிறகு பக்கத்து ஆள், பிறகு வரிசையாக. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்கு நடை நடையாக அடித்திருக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களில் நிமிர்ந்து நின்றவர் இவர் ஒருத்தர்தான். தூக்கியதும் துடைத்ததும் இவர்தான். அடுத்த வீட்டுக்காரர்தான் ரொம்பவும் மோசமாம், நாடி விழுந்து குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

“நேத்து என்னவோ சோத்தை மறுபடி சூடு பண்ணித்தான் போட்டாங்களாம்,” என்றார். “டாக்டர்கிட்ட கேட்டேன். அப்படி மூடி வெச்ச சோத்துல விஷம் ஒருதரம் ஊறிடுச்சுன்னா, அப்புறம் கொதிக்க வெச்சாலும் போகாதாம். நாறாதாம், ருசியும் மாறாதாம்.”

நான் அவர் சட்டையை வாங்கப் போனேன். தரவில்லை.

“வாந்தி எடுக்கறவன் எல்லாம் என் மூஞ்சியவே பாக்கறான்டி. உனக்கு ஒண்ணும் ஆகலையான்னு கேக்கறான். நீ என்னைக் காப்பாத்தல. என்னை மாட்டி விட்டுட்ட.”

கல்யாணமாகி அன்றுதான் முதல்முறையாக என்னைப் பார்த்துக் கத்தினார். எனக்கும் கோபம் வந்தது. “அப்ப நீங்களும் அவங்களோட சேந்து சாப்பிட்டுப் படுத்திருக்கணுமா?” என்று கேட்டேன். “ஆமா” என்றார். பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டேன்.

பத்து மணிக்கு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பர்சனல் ஆபீசர், கான்ட்ராக்டர், கம்பெனி டாக்டர் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் டேஸ்ட் நோட்டு.

“இது உன் கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“ருசி பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“நல்லா இருந்துதா?”

“நல்லா இருந்துது சார். ஆனா பதினோரு மணிக்கு...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்மா,” என்று ஆபீசர் எழுதிக்கொண்டார். கான்ட்ராக்டர் எனக்குக் காபி வரவழைத்தார். பாழாய்ப்போன காபி, அதையும் குடித்தேன். வெளியே வரும்போது ஆபீசர், “அடுத்த மாசம் உன் ஆர்டர் வந்துடும்” என்றார். பத்து மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கேன்டீன் உணவு கமிட்டி உறுப்பினரால் ருசி பார்க்கப்பட்டு நன்று எனச் சான்றளிக்கப்பட்டது, ஆகவே தொழிலாளர்கள் வெளியில் வாங்கிச் சாப்பிட்ட பண்டமே காரணம் என்று இருந்தது. கேட்டுக்கு வெளியே போண்டா வண்டி வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரை வாட்ச்மேன்கள் துரத்திவிட்டார்கள். அவர் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்த போண்டாவைச் சுடச்சுடக் கொடுத்தவர்.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கூச்சல். அவளுக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். எனக்குப் பாதி புரியும். சாராயம், குழந்தை தலையில் அடித்த சத்தியம், பொய்யன் என்று காதில் விழுந்தது. அவர் முன்பு குடித்தவர். மகள் பிறந்ததும் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர்.

திடீரென்று என் கதவைத் தட்டினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அக்கா, நீயே வந்து இந்த ஆளுகிட்ட கேளு. கேன்டீன் சோறு தவிர ஒண்ணும் தின்னலைன்னு சாதிக்கறார். நீ ருசி பாத்த சோறு அது! நீ என்ன பொய்யா கையெழுத்துப் போடுவ? வெளியே போயி குடிச்சுட்டு எதையோ தின்னுருக்கார். நாளைக்கே பிள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன், இந்த ஆளு வேண்டாம் எனக்கு.”

அவள் பின்னால் போனேன். அவர் பாயில் சுருண்டு கிடந்தார், பாதி ஆளாகியிருந்தார். என்னைப் பார்த்து, “சத்தியமா வெளியே ஒண்ணும் தின்னலம்மா” என்றார். கெஞ்சுகிற குரல். அந்த மனுஷன் என்னிடம் கெஞ்சினார்! என் கையெழுத்து அவரைப் பொய்யன் ஆக்கிவிட்டிருந்தது. அழுதால் நல்லது போல இருந்தது, அழுகையும் வரவில்லை.

சொல்லிவிட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்டா, சாக்கு, இரண்டு கட்டம், பர்மனென்ட் ஃபைல், எல்லாம். கடைசியாக, “உங்க வீட்டுக்காரருக்கு வயித்துப் புண்ணுன்னது?” என்று கேட்டாள். “அதுவும் பொய்தான்” என்றேன். அவள் புருஷனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பெரிய வீரம் ஒன்றும் இல்லை. டேஸ்ட் நோட்டில் முதல் கட்டத்தில் ‘பத்து ஐம்பதுக்குப் பார்த்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது கட்டத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன். அந்த வாரமே கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பர்மனென்ட் ஆர்டர் அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. ஒரு மாதம் கழித்துச் சாயங்காலச் சோற்றைச் சாயங்காலமே வடிக்க ஆரம்பித்தார்கள். யார் சொல்லி என்று யாரும் சொல்லவில்லை. மாமனாரோடு சண்டை போட்டுத்தான் நான் ஓசூரில் தங்கினேன், அது வேறு கதை.

எனக்கு மறக்காமல் இருப்பது அந்தத் திங்கள் இல்லை, அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைக் காலை. நொய்யரிசியை வறுத்துக் கஞ்சி காய்ச்சினேன். கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தோடு அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாங்கினாள். மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு டம்ளர் எடுத்துப் பாதி ஊற்றி என் பக்கம் நீட்டினாள்.

“மொதல்ல நீ குடிக்கா.”

குரலில் கோபம் இல்லை. நான் வாங்கிக் குடித்தேன். நாக்கு வெந்தது. ஊதிக் குடிக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இப்போதாவது புருஷனுக்குக் கொடுப்பாள் என்று பார்த்தேன். அவள் மிச்சக் கஞ்சியை ஸ்டவ்வில் ஏற்றி, திரியைக் குறைத்துக் கொதிக்க விட்டாள். பிறகு ஒரு மணையை எடுத்து என் எதிரே போட்டாள்.

“உக்காருக்கா. உடனே தெரியாதில்ல.”

உட்கார்ந்தேன்.